குழலை மெலிதாக்கும் முன் நீளத்தைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தனித்தேவைக்கேற்ப ரைஃபிள் அமைத்துக்கொள்வது குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவரும் தொடரைத் தவறாமல் படித்து வருகிறேன். சுடுவிசையின் இழுவைக்கும், தோளில் பதியும் கட்டையின் மரத்துக்கும் பத்தி பத்தியாக இடம் ஒதுக்கிய கட்டுரையாளர், குழலுக்கு வந்ததும், எடை குறைய வேண்டுமென்றால் மெல்லிய குழல், துல்லியம் வேண்டுமென்றால் தடித்த குழல் என்று ஒரே வரியில் கடந்துவிட்டார். அந்த வரியில் பொய் ஏதுமில்லை. ஆனால் அதை மட்டும் நம்பிக் குழலுக்குச் சொல்லிவைப்பவர், குறைத்திருக்கக்கூடிய எடையைக் குறைக்காமலும், இழக்க வேண்டியிராத விறைப்பை இழந்தும் நிற்க நேரிடும். கட்டை பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம், விசையைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்தலாம். லேத்தில் சுருளாக உதிர்ந்துபோன எஃகைக் குழலில் திரும்ப ஏற்ற முடியாது. உரிமம் பெற்ற பட்டறையில் குழல் கடைசல் வேலை பார்த்தவன் என்ற முறையில், அந்த ஒரு வரி விட்டுவிட்டவற்றை எழுத விரும்புகிறேன்.

இலேசான ரைஃபிள் வேண்டுவோர் முதலில் கைவைக்க வேண்டியது குழலின் நீளத்தில். பருமனில் கைவைப்பது அதற்கு அடுத்த வேலை என்பதே என் கருத்து. பழக்கத்தில் இது தலைகீழாக நடக்கிறது. 26 அங்குல நீளத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை. அந்த நீளத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பட்டியலில் உள்ளவற்றிலேயே மிக மெல்லிய வடிவத்தைக் கேட்டு வாங்குகிறார்கள்.

ஒரு குழலின் எடை அதன் விட்டத்தின் இருமடிக்கு ஏற்பவும், வளையாமல் நிற்கும் விறைப்பு விட்டத்தின் நான்மடிக்கு ஏற்பவும் மாறுகின்றன. நீளத்தைப் பொறுத்தவரை, ஒரு முனையில் பிடிக்கப்பட்ட தண்டின் மறுமுனை எவ்வளவு வளையும் என்பது நீளத்தின் மும்மடிக்கு ஏற்ப அமைகிறது. இவற்றை எண்களில் பார்ப்பது நல்லது. உண்மையான குழல்கள் நுனியை நோக்கிச் சரிந்து மெலிபவை என்றாலும், கணக்கின் எளிமைக்காக 5.6 மி.மீ. உட்துளை கொண்ட சீரான எஃகு உருளையொன்றை எடுத்துக்கொள்வோம். 66 செ.மீ. நீளமும் 19 மி.மீ. விட்டமும் உள்ள அந்த உருளையின் எடை ஏறத்தாழ 1,340 கிராம். அதிலிருந்து 200 கிராமைக் குறைக்க வேண்டும். நீளத்தில் 10 செ.மீ. வெட்டினால் அந்த 200 கிராம் போய்விடும். விறைப்போ முன்பிருந்ததைவிட 60 விழுக்காட்டுக்கும் மேல் கூடிவிடும். நீளத்தைத் தொடாமல் அதே 200 கிராமை விட்டத்தில் குறைக்க வேண்டுமானால் 17.6 மி.மீ. வரை கடைய வேண்டும். அப்போது விறைப்பில் கால்பங்கு காணாமல் போகும். எடுத்த எடை இரண்டிலும் ஒன்றுதான்.

இரண்டையும் சேர்த்துச் செய்தால் கிடைப்பது இன்னும் சுவையானது. நீளத்தை 56 செ.மீ. ஆக்கி, விட்டத்தை 17 மி.மீ. ஆக்கினால், எடை 890 கிராம் அளவுக்கு இறங்குகிறது; விறைப்போ முதலில் இருந்த நீண்ட, தடித்த குழலின் விறைப்புக்குச் சற்றும் குறையவில்லை. ஏறக்குறைய 450 கிராம் குறைந்தும், விறைப்பு என்ற கணக்கில் எதையும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கொடுப்பது வேறொரு கணக்கில். பொதுவான வேட்டைத் தோட்டாக்களில் குழலில் வெட்டும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் குண்டின் வேகம் நொடிக்கு 20 முதல் 30 அடி வரை குறையும் என்பது நடைமுறையில் பலரும் வைத்திருக்கும் அளவுகோல். ஆக, 10 செ.மீ., அதாவது நான்கு அங்குலத்தில் நொடிக்கு 80 முதல் 120 அடி வரை போகும். நொடிக்கு 2,800 அடி வேகத்தில் செல்லும் குண்டுக்கு இது மூன்று, நான்கு விழுக்காடு. மிகத் தொலைவில் சுடும் போட்டியாளருக்கு இது பெரிய இழப்பு; 200, 250 மீட்டருக்குள் சுடுபவர் இதை உணரக்கூட மாட்டார். குழல்வாய் வெடிப்பொலி கூடுவதையும், குழலின் குறைந்தபட்ச நீளத்துக்குப் பல நாடுகளில் சட்ட வரம்பு இருப்பதையும் மறந்துவிடக் கூடாது. வெட்டிய பிறகு சட்டத்தைப் படிப்பதில் பயனில்லை.

பருமனைக் குறைப்பது என்று முடிவு செய்த பின்னும், எங்கே குறைப்பது என்ற கேள்வி இருக்கிறது. தோட்டா அறையைச் சுற்றியுள்ள பகுதி பேரம் பேசக்கூடிய இடமன்று. .308 வகைத் தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்துறைத் தரம் அனுமதிக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. அந்த உச்சம் குண்டு நகரத் தொடங்கிய முதல் சில அங்குலங்களுக்குள்ளேயே வந்துவிடுகிறது. குண்டு குழல்வாயை எட்டும்போது அழுத்தம் அதில் சிறு பங்காகச் சுருங்கிவிடும். அடியில் தடித்தும் நுனியில் மெலிந்தும் குழல்கள் அமைவதற்கு முதற்காரணம் இதுவே. எனவே அடிப்பருமன் எவ்வளவு, அந்தப் பருமன் எவ்வளவு தூரம் நீள்கிறது, சரிவு எங்கே தொடங்குகிறது என்பவை தோட்டாவை அறிந்த தயாரிப்பாளர் தீர்மானிக்க வேண்டியவை. தன் வீட்டு லேத்தில் ஒரு பழைய குழலை ஏற்றி அடிப்பகுதியைச் சற்றே குறைத்துப் பார்க்கலாமா என்று கேட்டு வருபவர்களுக்கு நான் சொல்லிவந்த விடை எப்போதும் ‘கூடாது’ என்பதுதான். வேறு எந்த விடையும் இல்லை.

எடையைத் தவறான இடத்தில் வைப்பதற்கு அமெரிக்கப் படையின் எம்16 வரிசையே நல்ல சான்று. எம்16ஏ1 ரைஃபிளின் குழல் மெல்லியது. பென்சில் குழல் என்று அழைக்கப்படுவது. 1980களில் வந்த எம்16ஏ2 ரைஃபிளில் குழலைத் தடிமனாக்கினார்கள். ஆனால் குழலை மூடியிருக்கும் கைப்பிடி உறைக்கு வெளியே, முன்பக்கத்தில் மட்டும். உறைக்குள் இருக்கும் பகுதி பழையபடி மெல்லியதாகவே விடப்பட்டது. சூடு அதிகம் ஏறும் அடிப்பக்கம் மெலிந்திருக்க, கைக்குத் தூரமான நுனியில் எடை ஏறியது. தொடர்ந்து தானியங்கியாகச் சுட வேண்டிய எம்4ஏ1 கார்பைனுக்கு, அதாவது குட்டை ரைஃபிளுக்கு, கனமான குழலை வடிவமைத்தபோது உறைக்குள் இருக்கும் பகுதியைத்தான் தடிமனாக்கினார்கள். தனிப்பயனுக்கு ரைஃபிள் கட்டும் பலர், படைத்துறைப் பெயர் தாங்கியது என்பதற்காகவே இன்றும் எம்16ஏ2 குழலின் வழிவந்த வடிவத்தைக் கேட்டு வாங்குவதைப் பார்க்கிறேன். என் கணிப்பில் அது இரண்டு பக்கமும் நட்டமான வடிவம். அதை வாங்குவதற்குப் பதில் பென்சில் குழலையே வாங்கிவிடலாம்.

மெல்லிய குழல் துல்லியமற்றது என்ற பேச்சைப் பொறுத்தவரை, ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். நன்றாகச் செய்யப்பட்ட மெல்லிய குழல், குளிர்ந்த நிலையில் சுடும் முதல் இரண்டு மூன்று குண்டுகளைத் தடித்த குழலுக்கு இணையாகவே சேர்த்து வைக்கும். வேறுபாடு அதற்குப் பிறகு தெரியத் தொடங்குகிறது. ஒரே அளவு வெப்பம் 1.5 கிலோ எஃகில் ஏறுவதற்கும் 1 கிலோ எஃகில் ஏறுவதற்கும் இடையில், வெப்பநிலை உயர்வு ஒன்றரை மடங்காகிவிடுகிறது. மெல்லிய குழல் விரைவில் ஆறவும் செய்யும் என்பது அதன் மறுபக்கம். ஆகவே குழலைத் தேர்பவர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியது, இடைவிடாமல் எத்தனை குண்டுகள் சுடப்போகிறேன், ரைஃபிளை எவ்வளவு தூரம் சுமக்கப்போகிறேன் என்ற இரண்டைத்தான். போட்டிக் களங்களில் இதற்கு விடை வெளிப்படையாகவே இருக்கிறது. படுத்த நிலையில், தாங்கியில் வைத்து, குண்டுக்கு மேல் குண்டாகச் சுடும் எஃப் வகுப்புப் போட்டியின் திறந்த பிரிவில் ரைஃபிள் 10 கிலோ வரை இருக்கலாம். போட்டியாளர்கள் அந்த வரம்பை ஒட்டியே எடையை வைத்துக்கொள்வது இயல்பு. பனிச்சறுக்கிக்கொண்டே முதுகில் ரைஃபிளைச் சுமக்கும் பயத்லான் வீரருக்கோ குறைந்தபட்ச எடைதான் விதி, அதுவும் 3.5 கிலோ. அவர் சுடுவது .22 வகைச் சிறு தோட்டா, தூரம் 50 மீட்டர் என்பதால் குழல் சூடேறுவது அங்கே ஒரு கவலையே அன்று.

குழல் சூடேறினால் குண்டு படும் இடம் ஏன் நகர்கிறது என்பதையும் கட்டுரையாளர் தொட்டிருக்கலாம். எல்லாப் பக்கமும் சமமாகச் சூடேறி, சமமாக விரியும் எஃகு வளைவதில்லை. வளைவது, உள்ளுக்குள் தகைவு, அதாவது வேலைப்பாட்டின்போது அடைபட்ட இறுக்கம், எஞ்சியிருக்கும் எஃகு. பட்டன் என்ற கடின உருளையைத் துளைக்குள் இழுத்து, குண்டைச் சுழலவைக்கும் வரிகளைப் பதிக்கும் முறையும், குளிர்நிலையில் சுத்தியால் அடித்து உருவாக்கும் முறையும் உலோகத்தை நெருக்கி வேலை செய்வதால், அவற்றில் தகைவு தங்குகிறது. வெட்டுளியால் வரியை வெட்டியெடுக்கும் முறையில் அது மிகக் குறைவு. பட்டன் முறையில் வரியிட்ட குழலை உரிய வெப்பப் பதப்படுத்தலால் தகைவு நீக்காமல், வெளியே கடைந்து மெலிதாக்கினால், எஃகு எடுக்கப்பட்ட இடத்தில் உட்துளை சிறிதே அகன்றுவிடும். பெரும்பாலும் அந்த இடம் நுனியை ஒட்டியே அமையும். குண்டு கடைசியாகத் தொட்டுச் செல்லும் இடமும் அதுவே. ஈயக் குண்டு ஒன்றைத் துளைக்குள் மெல்லத் தள்ளிப் பார்த்தால் கைக்கே இது தெரியும்: அடியிலிருந்து ஒரே இறுக்கத்தோடு வரும் குண்டு, மெலிதாக்கப்பட்ட பகுதிக்கு வந்ததும் சட்டென்று இளகி நழுவும். தடித்த குழலில் மன்னிக்கப்படும் இந்தக் குறை மெல்லிய குழலில் மன்னிக்கப்படுவதில்லை. ஆகவே மெல்லிய வடிவம் கேட்பவர், வரி இட்ட முறை எது, தகைவு நீக்கியது கடைவதற்கு முன்பா பின்பா என்ற இரண்டையும் தயாரிப்பாளரிடம் கேட்டே ஆக வேண்டும். நல்ல தயாரிப்பாளர் இதற்குத் தயங்காமல் விடை சொல்வார்.

குட்டையாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டாம் உலகப் போரின் இறுதியில் பிரிட்டிஷார் உருவாக்கிய ஐந்தாம் எண் லீ-என்ஃபீல்டு, அதாவது ஜங்கிள் கார்பைன், நான்காம் எண் ரைஃபிளைவிட ஏறக்குறைய ஒரு கிலோ இலேசானது. குழலும் ஆறு அங்குலத்துக்கு மேல் குட்டையானது. கணக்குப்படி அது விறைப்பாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் குறிவைப்புச் சரிசெய்த பின்னும் குண்டு படும் இடம் நிலையாக நிற்பதில்லை என்ற குறை அதைத் தொடர்ந்தது. உற்பத்தியும் 1947 இல் நிறுத்தப்பட்டது. காரணம் எது என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. குழலின் அடிப்பகுதியிலும், அது திருகப்படும் உடற்பகுதியான ரிசீவரிலும் எடைக்காக உலோகத்தைச் செதுக்கியெடுத்ததே காரணம் என்பது பலரின் கருத்து. எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. நுனியில் எடுப்பது வேறு, வேரில் எடுப்பது வேறு.

நீளவாட்டில் பள்ளமிட்ட குழல்களைப் பற்றி நிலவும் ஒரு மயக்கத்தையும் நீக்க வேண்டும். பள்ளமிட்டால் குழல் விறைப்பாகும் என்று விற்பனையாளர்களே சொல்வதுண்டு. எஃகை எடுத்துவிட்டு விறைப்பைக் கூட்ட முடியாது. ஒரே விட்டமுள்ள பள்ளமில்லாத குழலைவிடப் பள்ளமிட்டது விறைப்புக் குறைந்தது. ஒரே எடையுள்ள பள்ளமில்லாத மெல்லிய குழலைவிட அது விறைப்பானது. இரண்டாவது ஒப்பீட்டைச் சொல்லி விற்பவர்கள் முதலாவதைச் சொல்வதில்லை. கார்பன் இழை சுற்றிய குழல்கள் இதே சிந்தனையை இன்னும் தொலைவுக்குக் கொண்டுசெல்பவை: உள்ளே மெல்லிய எஃகுக் குழல், வெளியே பெரிய விட்டத்தில் இலேசான உறை. விறைப்புக்கு அது நல்ல வழிதான். ஆனால் இழைகளைப் பிணைக்கும் பிசின் வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதால், வெளியே தொட்டுப் பார்த்துக் குளிர்ந்திருக்கிறது என்று நினைப்பதை நம்பி, உள்ளே இருக்கும் எஃகின் நிலையை முடிவு செய்யக் கூடாது.

வடிவத்தை முடிவு செய்யும்போது மறக்கப்படுபவை, குழலோடு சேர வேண்டிய சின்னஞ்சிறு பாகங்கள். எம்16 இன் குடிமைப் பதிப்பான ஏஆர்-15 வகையில், குழலிலிருந்து வாயுவைத் திருப்பிவிடும் வாயு அடைப்பு என்ற பாகம் பொருந்தும் இடத்தின் விட்டம் பென்சில் குழலுக்கு 0.625 அங்குலம், பொதுவான குழலுக்கு 0.750 அங்குலம், ஒன்றுக்கு வாங்கியது மற்றொன்றுக்குப் பொருந்தாது. குழல்வாயில் திருகுவரி வேண்டுமானால் கணக்கு இன்னும் நுணுக்கமாகிறது. .30 அளவுக் குழல்களில் வழக்கமான திருகுவரியின் விட்டம் 5/8 அங்குலம், அதாவது 15.9 மி.மீ. குழலின் நுனி 19 மி.மீ. இருந்தால், திருகப்படும் பாகம் சாய்ந்துவிடாமல் முட்டி நிற்பதற்குச் சுற்றிலும் ஒன்றரை மி.மீ. விளிம்பு மிஞ்சும். நுனி 17 மி.மீ. ஆனால் மிஞ்சுவது அரை மி.மீ. அளவுதான். அந்த விளிம்பை நம்பி, சட்டம் அனுமதிக்கும் இடங்களிலும் ஒலி தணிப்பானை மாட்ட நான் துணிய மாட்டேன். அது ஒரு நூல் சாய்ந்து நின்றாலும் குண்டு அதன் உட்புறத் தட்டில் உரசிவிடும். நேராக நின்றாலும்கூட, மெல்லிய குழலின் நுனியில் 400 கிராமை மாட்டுவது மூங்கில் கழியின் நுனியில் குடத்தைத் தொங்கவிடுவது போன்றது. குண்டு படும் இடம் மாட்டும்போது ஓரிடம், கழற்றும்போது ஓரிடம். ஒலி தணிப்பான் உறுதி என்றால், நுனியை 19 மி.மீ. இல் நிறுத்திவிட்டு நீளத்தை இன்னும் குறைப்பதே சரி.

பின்னுதைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தோட்டா மாறாமல் ரைஃபிளின் மொத்த எடை 4 கிலோவிலிருந்து 3.2 கிலோவாக இறங்கினால், பின்னுதைப்பின் ஆற்றல் கால்பங்கு கூடும். முன்பக்க எடை குறைந்த ரைஃபிள் தோளுக்கு விரைந்து வரும். நின்றபடி குறிவைத்து நிறுத்தும்போது கையின் ஒவ்வொரு நடுக்கத்தையும் அது காட்டிக்கொடுக்கும். இது பழகிக்கொள்ளக்கூடியது, ஆனால் பழகிக்கொள்ள வேண்டியது.

குழல் வந்து சேர்ந்த பின் செய்ய வேண்டிய சோதனைகளுள் இரண்டு மெல்லிய குழலுக்கு இன்றியமையாதவை. ரைஃபிளில் தோட்டா எதுவும் இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொண்டு, குழலுக்கும் கட்டையின் முன்பகுதிக்கும் இடையில் ஒரு தாள் துண்டைச் செருகி, நுனியிலிருந்து ரிசீவர் வரை இழுத்துப் பார்க்க வேண்டும். எங்கும் தடைபடாமல் வந்தால் மட்டும் போதாது. தோள்வாரை இழுத்துப் பிடித்த நிலையிலும், முன்தாங்கியில் எடையைச் சாய்த்த நிலையிலும் அதே தாள் அதே போல ஓட வேண்டும். மெல்லிய குழலைப் பக்கவாட்டில் அழுத்தும் கட்டை, குழலின் தவறாகத் தோன்றும் பல தவறுகளைத் தானே செய்துகொண்டிருக்கும். அடுத்தது, சுடுதளத்தில் மூன்று குண்டுகள் நெருங்கி விழுந்ததைப் படமெடுத்து வைத்துக்கொள்ளாமல், வெவ்வேறு நாட்களில் முழுக்கக் குளிர்ந்த குழலிலிருந்து முதல் குண்டு எங்கே விழுகிறது என்பதை ஒரே அட்டையில் குறித்துவைப்பது. காட்டில் பயன்படப்போவது அந்த முதல் குண்டுதான். அதன் பிறகு பத்து குண்டுகளை இடைவிடாமல் சுட்டு, குண்டுகள் விழும் கூட்டம் எந்தத் திசையில் நகரத் தொடங்குகிறது, எத்தனையாவது குண்டில் என்று பார்த்துக்கொண்டால், அந்தக் குழலின் எல்லை எது என்பது கையில் இருக்கும்.

குழலுக்குச் சொல்லும்போது, தயாரிப்பாளரின் பட்டியலில் உள்ள இன்ன எண் வடிவம் என்று மட்டும் சொல்லிவிட்டு வராமல் இருப்பது நல்லது. ஒரு தயாரிப்பாளரின் மூன்றாம் எண் மற்றொருவரின் மூன்றாம் எண்ணுக்குச் சமமாக இருக்க வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. அடிவிட்டம், அடிப்பருமன் நீளும் தூரம், நுனிவிட்டம், முழு நீளம் ஆகிய நான்கையும் மில்லிமீட்டரில் எழுதிக் கொடுக்க வேண்டும். தொடரின் அடுத்த பகுதியில் இந்த நான்கு அளவுகளும் எங்கே எடுக்கப்படுகின்றன என்பதைக் காட்டும் வரைபடம் ஒன்றைக் கட்டுரையாளர் வெளியிட்டால், குழல் தேர்வைப் பற்றி அவர் எழுதிய அந்த ஒரு வரியை நம்பி இப்போது முன்பணம் கட்டக் காத்திருக்கும் வாசகர்களுக்கு உதவியாக இருக்கும். அதற்கு இடம் ஒதுக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்